உதட்டுக்கு முன்னால் ஒரு காகிதம்

செப்டம்பர் 16, திங்கள்

பாப்பாவின் பள்ளிக்கூடத்திலிருந்து வரச் சொல்லியிருந்தார்கள். கடையில் ஒரு மணி நேரம் பர்மிஷன் சொல்லிவிட்டுப் போனேன். யாரையாவது கடித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். போன மாதம் ஒருத்தனைக் கடித்தாள்.

அது இல்லை. அவளுக்கு ‘ப’ வரவில்லையாம். பந்து என்றால் மந்து, பூனை என்றால் மூனை என்கிறாளாம். ‘எங்கள் வீட்டில் என்ன வேலை’ என்று எல்.கே.ஜி. பிள்ளைகளை ஒவ்வொருவராக நடித்துக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். பாப்பா பென்சில் டப்பாவை மைக்காகப் பிடித்துக்கொண்டு என்னைப்போல் அறிவிப்பு செய்திருக்கிறாள், முழுக்க மூக்கால். அதற்குப் பிறகு கவனித்தால் மற்ற நேரத்திலும் அடிக்கடி அப்படித்தான் பேசுகிறாளாம். பிள்ளைகள் ‘மூக்கு மைக்’ என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள்.

மிஸ் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். வீட்டில் வேறு யாராவது அப்படிப் பேசுவார்களா என்று. எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஈரோட்டில் பாதிப் பேருக்கு என் முகம் தெரியாது, குரல் தெரியும். பன்னிரண்டு வருடமாக ஐந்து மாடி ஜவுளிக்கடையில் ‘அன்பான வாடிக்கையாளர்களே’ என்று கூப்பிடுகிறவள் நான்தான். பட்டுப்புடவைப் பிரிவு, பருத்திப் பிரிவு, பாவாடை சட்டைப் பிரிவு என்று நாளைக்கு ஐந்நூறு ‘ப’ சொல்கிற வாய் இது. பூங்கொடி மகளுக்கு ‘ப’ வரவில்லை என்றால் ஊர் சிரிக்காதா?

மிஸ் ஒரு ஜெராக்ஸ் தாள் கொடுத்தார். வீட்டில் விளையாட்டாகச் செய்ய வேண்டியவை: பஞ்சு ஊதுவது, காகிதம் பறக்க விடுவது, சோப்புக் குமிழி, பலூன். தீபாவளி வரை செய்து பார்க்கலாம், சரியாகாவிட்டால் பேச்சுப் பயிற்சி கொடுக்கிறவரிடம் காட்டிவிடலாம் என்றார். தினமும் என்ன செய்தோம் என்று குறித்து வைக்கவும் சொன்னார். மிஸ் பார்ப்பதற்குத் தனியாக ஒரு நோட்டு போட்டிருக்கிறேன். இது கடையில் வருடப்பிறப்புக்குக் கொடுத்த டைரி. இதில் மனதில் இருப்பதை எழுதலாம்.

போன வருடம் நன்றாகத்தானே சொன்னாள்? பிறந்தநாள் வீடியோவை எடுத்துப் பார்த்தேன். ‘பச்சை பலூன், பச்சை பலூன்’ என்று கத்துகிறாள். அப்புறம் இந்த ‘ப’ எங்கே போனது என்று தெரியவில்லை.

செப்டம்பர் 17, செவ்வாய்

பஞ்சு ஆட்டம். ஹால் தரையில் சாக்பீஸ் கோடு, இரண்டு பக்கமும் தீப்பெட்டி வைத்து கோல், ஆளுக்கொரு ஸ்ட்ரா, நடுவில் பஞ்சு உருண்டை. உதட்டை மூடித் திறந்து ‘ப்... ப்’ என்று காற்றை விட்டால் பஞ்சு ஓடும். அதுதான் பாடம். பாடம் என்று பாப்பாவுக்குத் தெரியாது.

பாப்பா 5, நான் 0. விட்டுக்கொடுத்தேன். பிள்ளையிடம் தோற்கத் தெரியாதவள் எல்லாம் ஒரு அம்மாவா? கடைசி ஆட்டத்தில் மட்டும் உண்மையிலேயே ஊதிப் பார்த்தேன், பஞ்சு நகரவில்லை. கன்னம் இரண்டும் ஓய்ந்துவிட்டன. ஒரு நாள் முழுக்கக் கத்திவிட்டு வந்து ஊதினால் அப்படித்தான் இருக்கும். எரிச்சலில் ஸ்ட்ராவைத் தூக்கிப் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. பாப்பா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செப்டம்பர் 18, புதன்

வார விடுமுறை. பஞ்சு ஆட்டத்தில் நான் 3, பாப்பா 2. இன்று விட்டுக்கொடுக்கவில்லை.

செப்டம்பர் 20, வெள்ளி

காகித ஆட்டம். கடை பில் ரோலிலிருந்து விரல் அகலத்துக்கு இரண்டு துண்டு கிழித்துக்கொண்டு வந்தேன். நல்ல மெல்லிசு. மூக்கு நுனியில் ஒட்டி உதட்டுக்கு முன்னால் தொங்கவிட வேண்டும். ‘ம’ சொன்னால் காகிதம் சும்மா இருக்கும். ‘ப’ சொன்னால் துள்ளும். பிள்ளைகளுக்கு இதைவிட எளிதாகப் புரிய வைக்க முடியாது என்று தாளில் போட்டிருக்கிறது.

பாப்பாவின் காகிதம் அசையவில்லை. அம்மாவைப் பார் என்று நான் சொல்லிக் காட்டினேன். என் காகிதமும் அசையவில்லை.

பாப்பா சிரித்தாள். எனக்கும் முதலில் சிரிப்புதான். பிறகு யோசித்தேன். காரணம் இருக்கிறது. மைக்கில் ‘ப’ சொன்னால் காற்று பட்டென்று அடிக்கும், ஸ்பீக்கரில் குண்டு போட்டது போலக் கேட்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதற்காக எவ்வளவு திட்டு வாங்கியிருக்கிறேன். காற்றை உள்ளேயே அமுக்கிச் சொல்லப் பழகுவதற்கு எனக்கு ஒரு வருடம் ஆனது. போன வாரம்கூட மைக்செட் பார்க்கிற பழனியப்பன் மாடி ஏறி வந்து சொன்னான்.

“அக்கா, இப்பெல்லாம் நீங்க ‘ப’ சொன்னா மைக்ல காத்தே அடிக்கறதில்லீங். ஸ்பாஞ்சே வேண்டியதில்ல போங்க.”

பன்னிரண்டு வருடத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் பாராட்டு. தொழில் பழக்கம் வீடு வரை வந்துவிட்டது, வேறொன்றுமில்லை. இதைப் பாப்பாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

செப்டம்பர் 22, ஞாயிறு

மாமா போன் செய்தார். அவர் வேலை செய்கிற போர்வெல் ரிக் லாரி இப்போது சத்தீஸ்கரில் நிற்கிறது. ஒரு நாளைக்கு இரண்டு போர் போடுகிறார்களாம். தீபாவளிக்கு முதல் நாள் வந்துவிடுவார்.

எடுத்ததுமே, “என்ன அம்மிணி, தூங்கிட்டு இருந்தியா?” என்றார். மணி எட்டுகூட ஆகவில்லை. இல்லை என்றேன். சளி பிடித்திருக்கிறதா, கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருக்கிறது என்றார். அங்கே டவர் இல்லாததற்கு என் குரலைக் குறை சொல்கிறார்.

பாப்பாவிடம் போனைக் கொடுத்தேன். ‘அப்பா, பட்டாசுப் பெட்டி பெருசா வேணும்’ என்று அவ்வளவு தெளிவாகக் கேட்கிறாள். காரியம் ஆகவேண்டும் என்றால் ‘ப’ வந்துவிடுகிறது கழுதைக்கு.

செப்டம்பர் 25, புதன்

பலூன். இருபது பலூன் உள்ள பாக்கெட் வாங்கினேன், ஒன்றைக்கூட ஊத முடியவில்லை. மட்டமான ரப்பர். கடைக்காரனிடம் போய்ச் சண்டை போடலாம் என்று கையில் எடுத்துக்கொண்டு இறங்கினால் கீழ்வீட்டு ருக்மணி அக்கா வாங்கி ஒரே மூச்சில் ஊதி முடிச்சுப் போட்டுக் கொடுத்துவிட்டார். அவருக்கு வயது அறுபத்திரண்டு.

மதியம் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நான் வரும்வரை பாப்பா அவரிடம்தான் இருப்பாள். பயிற்சியைப் பற்றிச் சொன்னேன். அவர் நம்பவில்லை.

“ஏம் பூங்கொடி, எங்கிட்ட நல்லாத்தான பேசுது? மத்தியானம் பருப்புஞ்சோறு போதும், பணியாரம் குடுன்னு கேட்டு வாங்கித் தின்னுச்சு.”

அக்காவுக்கு ஒரு காது கேட்காது. டிவியை அவர் வைக்கிற சத்தத்தில் எங்கள் வீட்டுப் பாத்திரம் ஆடும். அவரிடம் போய் இதைக் கேட்டேன் பாருங்கள்.

செப்டம்பர் 28, சனி

கடையில் சரோசா அக்கா ஏதோ சொல்லிச் சிரிக்க வைத்தார், குடித்த டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. புதுப் பட்டு யூனிபார்ம் சேலை, முழுக்கக் கறை. நான் சிரிக்கவே இல்லையே, அதற்குள் வந்துவிட்டதே என்று பிறகு தோன்றியது. சிரித்துத்தான் இருப்பேன்.

அக்டோபர் 2, புதன்

ருக்மணி அக்கா வசம்பு கொண்டு வந்தார். விளக்கில் சுட்டு, கல்லில் இழைத்து, தேனில் குழைத்து நாக்கில் தடவினால் ஊமையும் பேசும் என்றார். டாக்டர்கள் கூடாது என்கிறார்களே என்று இழுத்தேன். நான் நாலு பிள்ளைக்குத் தடவினேன், நாலும் வாயாடி என்றார். வாங்கி இழைத்தேன்.

பாப்பா வாயைத் திறக்க மாட்டேன் என்றுவிட்டாள். முதலில் அம்மாவுக்குத் தடவு, அப்புறம் எனக்கு என்று பிடிவாதம். தடவிக்கொண்டேன். கரி நாக்கை நீட்டிக்கொண்டு இரண்டு பேரும் கண்ணாடி முன்னால் நின்றோம். பாப்பாவின் நாக்கு மோவாய் வரை வந்தது. என்னுடையது பல்லைத் தாண்டி வரவில்லை. உதறியது. வசம்பின் காரம் அப்படி.

அக்டோபர் 5, சனி

தீபாவளி விற்பனை ஆரம்பித்துவிட்டது. நின்ற இடத்தில் ஒன்பது மணி நேரம். ஊழியர்கள் எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுத்தார்கள். அதில் என் இடது கண் பாதி மூடியிருக்கிறது. திரும்ப எடுக்கச் சொன்னேன், அதிலும் அப்படியே. மேனேஜர் சார், மைக்கைப் பிடித்துக்கொண்டே தூங்கறயாம்மா என்று எல்லார் முன்னாலும் கேட்டார்.

இந்தப் பக்கத்தில் கோடுகள் இரட்டையாகத் தெரிகின்றன. எந்தக் கோட்டில் எழுதுவது என்று தேட வேண்டியிருக்கிறது. ஒரு கண்ணை மூடினால் சரியாகிவிடுகிறது. கண்ணாடி போடும் வயது வந்துவிட்டது.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. இன்றைக்கு நடந்ததை நிதானமாக எழுத வேண்டும்.

நன்றாகத் தூங்கி ஐந்தரைக்கு எழுந்தேன். பாப்பாவும் எழுந்துவிட்டாள். காபி போடும் முன்னால் சும்மா ஒரு தடவை பார்க்கலாம் என்று காகிதத்தை ஒட்டிக்கொண்டு ‘ப’ என்றேன். காகிதம் எகிறி நெற்றியில் ஒட்டியது. மறுபடியும் சொன்னேன், மறுபடியும் பறந்தது. பாப்பா கைதட்டினாள். நீ சொல்லு என்று அவளுக்கு ஒட்டினேன். பறந்தது! பந்து, பம்பரம், பல்லி, பூசணிக்காய் எல்லாவற்றுக்கும் பறந்தது. பாயிலேயே உருண்டு சிரித்தோம். அவளைத் தூக்கிச் சுற்றினேன். எத்தனை நாளாயிற்று அவளைத் தூக்கி.

கடைக்கு அவளையும் கூட்டிப்போனேன். மைக்குக்குச் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்துப் பூ சுற்றியிருந்தார்கள். பூஜை அறிவிப்பை நான்தான் செய்தேன். குரல் மணி மாதிரி விழுந்தது. முதலாளி வீட்டம்மா திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்.

பழனியப்பன் மட்டும், “இன்னைக்குக் காத்து அடிக்குதுங் அக்கா” என்றான்.

மிஸ்ஸுக்கான நோட்டில் ‘சரியாகிவிட்டது’ என்று பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டுவிட்டேன்.

அக்டோபர் 12, சனி

நேற்று சாயங்காலமே போய்விட்டது. அவளுக்கும் எனக்கும்.

பாப்பா கேட்கிறாள்: “சாயங்காலம் ஆனா காத்து தீந்துருமாம்மா?”

அக்டோபர் 15, செவ்வாய்

சோப்புக் குமிழி. பாப்பா வளையத்தை என்னிடமே நீட்டிக்கொண்டிருந்தாள், நான் வேண்டாம் என்றேன். அப்படியானால் எனக்கும் வேண்டாம் என்று சோப்புத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றிவிட்டாள்.

அக்டோபர் 19, சனி

பேனா கோட்டில் நிற்கவில்லை. கோபம்தான்.

இன்று கடையில் கால் வைக்க இடமில்லை. ஐந்து மணி வாக்கில் மூன்றாவது மாடியில் ஒரு குழந்தை காணாமல் போய் அழுதுகொண்டிருந்தது. நாலு வயது, பச்சைச் சட்டை, பேர் பிரணவ். என்னிடம் கொண்டுவந்து விட்டார்கள். மாதத்துக்குப் பத்துக் குழந்தை இப்படி வரும். நான் ஒரு தடவை பேர் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் தாய் ஓடி வந்துவிடுவாள். இன்று பதினோரு தடவை சொன்னேன். யாரும் வரவில்லை.

மேனேஜர் வந்து என் கையிலிருந்து மைக்கை வாங்கி அவரே சொன்னார். உடனே வந்துவிட்டாள். எங்கே நின்றாள் தெரியுமா? அதே மூன்றாவது மாடியில், ஸ்பீக்கருக்கு நேர் கீழே. அவள் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள், யாரோ தமிழ் தெரியாத பொண்ணு பேசுதுன்னு நினைச்சேன் என்று.

எனக்குத் தமிழ் தெரியாதாம். என்னைப் பார்த்து.

நாளையிலிருந்து நான் பேக்கிங்கில். இரண்டு நாள் வாய்க்கு ஓய்வு கொடும்மா என்கிறார் மேனேஜர். கூட்டத்தின் இரைச்சல், பழைய ஸ்பீக்கர். யாரும் அதைச் சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பாப்பா கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

இன்று வீட்டில் யாரும் பேசவில்லை.

அக்டோபர் 23, புதன்

பள்ளியிலிருந்து மறுபடி போன். அதனால் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ரெஹானா மேடத்திடம் கூட்டிப்போனேன். மருந்துக்கடைக்கு மேல் மாடி. பதினெட்டுப் படி. நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தேன்.

சின்னப் பெண். இருபத்தைந்து கூட இருக்காது. நடந்ததை எல்லாம் நான் சொல்லச் சொல்ல, அவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, கொஞ்சம் வெளியே இருங்கம்மா, நான் பாப்பாகிட்டத் தனியா பேசறேன் என்றார்.

வெளியே பெஞ்சில் இருந்தேன். கதவு மெல்லியது. உள்ளே இருந்து கேட்டது: பந்து. பம்பரம். பட்டாசு. பூனை. பாப்பா. ஒவ்வொன்றும் சுத்தமாக, ஒன்றில்கூட மூக்கு இல்லை. கதவைத் திறந்தேன். பாப்பாவின் உதட்டுக்கு முன்னால் காகிதம் பறந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

மூச்சைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்தேன். என் கண்ணைப் பார்த்துக்கொண்டே ‘மந்து’ என்றாள்.

ரெஹானா மேடம் எழுந்து என் பக்கம் வந்தார். நீங்க ஒரு தடவை சொல்லுங்கம்மா என்றார். சொன்னேன். மேசையிலிருந்து உள்ளங்கை அளவுக் கண்ணாடி ஒன்றை எடுத்து என் மூக்குக்குக் கீழே பிடித்து, மறுபடியும் ‘ப ப ப’ என்று சொல்லச் சொன்னார். சொல்லி முடித்ததும் கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார். ஆவி படிந்திருந்தது.

“‘ப’ன்னு சொல்லும்போது காத்து வாய் வழியா மட்டும்தான் வரணும். உங்களுக்கு மூக்கு வழியா போயிடுது. எத்தனை நாளா இப்படி இருக்கு?”

நான் தொழில் பழக்கம் என்றேன். அவர் கேட்டுக்கொண்டே போனார். சாயங்காலம் அதிகமாகிறதா? தண்ணீர் மூக்கில் வருகிறதா? கண் இமை இறங்குகிறதா? எல்லாம் இரட்டையாகத் தெரிகிறதா? என் டைரியை யாரோ படித்துக் காட்டிவிட்டது போல இருந்தது. எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன்.

குழந்தைக்கு ஒன்றும் இல்லை, நீங்கள் நாளைக்கே நரம்பு டாக்டரைப் பாருங்கள் என்று கடிதம் எழுதிக் கொடுத்தார். மூச்சு வாங்கினால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி என்று இரண்டு தடவை சொன்னார். சின்னப் பெண், எல்லாவற்றையும் பெரிதாக்குகிறாள்.

படியில் இறங்கும்போது பாப்பாவை அடித்துவிட்டேன். கன்னத்தில். ஏன்டி இத்தனை நாள் ஏமாத்துன, வேணும்னே பண்ணுனயா என்று கேட்டேன். ஒரு மாதமாக இவளுக்காக நான் ஊதி ஊதிச் செத்திருக்கிறேன், இவள் விளையாடியிருக்கிறாள். அவள் அழவில்லை. உதட்டைச் சேர்த்து இறுக்கி மூடிக்கொண்டாள். வீடு வந்து சேரும்வரை திறக்கவில்லை.

அடித்த கையும் ஓங்கிய உயரத்தில் நிற்கவில்லை, தானாக இறங்கிவிட்டது. அவளுக்கு வலித்திருக்காது.

அக்டோபர் 24, வியாழன்

தீபாவளி முடியட்டும். இன்னும் ஏழு நாள். ஒன்றாம் தேதி போய்க் காட்டிவிடலாம். இப்போது லீவு போட்டால் மைக் போனது போனதுதான், எனக்குப் பதில் இப்போது அறிவிப்பு செய்கிற புதுப் பெண்ணே உட்கார்ந்துவிடுவாள். கடிதத்தை இந்த டைரியிலேயே வைத்திருக்கிறேன்.

அக்டோபர் 26, சனி

இரண்டு இட்லி சாப்பிட முக்கால் மணி நேரம். மெல்லும்போது தாடையைக் கையால் தாங்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. பாப்பா எதிரில் உட்கார்ந்து, அவளும் கையால் தாடையைத் தாங்கிக்கொண்டு மெல்லுகிறாள். கிண்டல் செய்கிறாளா என்று முறைத்தேன். கிண்டல் இல்லை.

அக்டோபர் 28, திங்கள்

பாப்பாவுக்குத் தலை வார முடியவில்லை, கை தூக்கியபடி நிற்க மாட்டேன் என்கிறது. அவள் தரையில் உட்கார்ந்து தலையை என் மடியருகே கொண்டுவந்தாள். ஒற்றைச் சடை போதும் என்றாள். அடித்ததற்குப் பிறகு என்னிடம் அவள் பேசிய முதல் வார்த்தை. ‘மோதும்’ என்று சொன்னாள், என்னைப்போல.

அக்டோபர் 30, புதன், மதியம்

நல்ல சேதி. புதுப் பெண்ணுக்குத் தொண்டை கட்டிவிட்டது. கடைசி நாள் சாயங்காலம், கூட்டம் வெடிக்கும், நீயே வாம்மா என்று மேனேஜர் கூப்பிட்டுவிட்டார். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாமல் குரலைச் சேர்த்து வைத்திருக்கிறேன். மாமா நேற்றே நாக்பூர் தாண்டிவிட்டாராம், விடிந்தால் வந்துவிடுவார்.

நாலு மாடி. லிஃப்டில் ஜனம். படியில் ஏறினேன். உட்கார்ந்து பத்து நிமிஷம் ஆகிறது, இன்னும் மூச்சு கீழேயே நிற்கிறது. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தால்

நவம்பர் 6, புதன்

கை ஐந்து வரி தாங்கும் என்கிறார் நர்ஸ். பார்ப்போம்.

தொண்டைக்குள் குழாய். மூச்சை மெஷின் விடுகிறது. எனக்கு எதுவும் ஞாபகமில்லை, சரோசா அக்கா மாமாவிடம் சொன்னது இது. ‘அன்பான வாடிக்கையாளர்களே’ வரை சொன்னேனாம். பிறகு மைக்கை அணைக்கவில்லை. ஐந்து மாடியிலும் ஜனங்கள் நான் மூச்சுக்குத் தவிப்பதைக் கேட்டுக்கொண்டு நின்றார்களாம். பழனியப்பன்தான் ஓடி வந்து என்னைத் தோளில் போட்டுக்கொண்டு நாலு மாடி இறங்கியிருக்கிறான்.

நரம்பு சொல்வதைத் தசை கேட்காத வியாதி என்கிறார் டாக்டர். பெயர் நீளமாக இருக்கிறது. மருந்து உண்டு. முன்னாலேயே வந்திருந்தால் குழாய் வரை வந்திருக்காது என்று மாமாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் தூங்குகிறேன் என்று நினைத்தார். கடிதம் டைரிக்குள் அப்படியே இருந்தது. மாமாதான் எடுத்துக் கொடுத்தார்.

நவம்பர் 7, வியாழன்

பாப்பாவை உள்ளே விட மாட்டார்கள். ருக்மணி அக்காவிடம் இருக்கிறாள்.

அடித்ததை மாமாவுக்கு எழுதிக் காட்டினேன். ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளிடம் கேளுங்கள், திட்ட வேண்டாம், சும்மா கேளுங்கள் என்று எழுதினேன். சாயங்காலம் வந்தார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னார்.

“பள்ளிக்கூடத்துல மொதல்ல சும்மா உன்ன மாதிரிதான் பேசிக் காட்டுச்சாமா. அப்புறம் பஞ்சு ஊதுற ஆட்டத்துல ஒரு நாள் அது ஜெயிச்சுதாமா. அன்னைக்கு நீ ஸ்ட்ராவத் தூக்கிப் போட்டுட்டு அழுவறாப்ல இருந்தியாமா. அதுல இருந்து விட்டுக்குடுத்துச்சாமா. அம்மா பேப்பர் பறக்காதப்ப எம் பேப்பர் பறந்தா அம்மா தோத்துருவாங்கன்னு மூச்சப் புடிச்சுக்குமாமா.”

பத்து நாள் முன்னால் என்றால் நம்பியிருக்க மாட்டேன். டைரியை வாங்கி செப்டம்பர் 17-ம் பக்கத்தைத் திருப்பினேன். ‘விட்டுக்கொடுத்தேன்’ என்று எழுதியிருக்கிறேன். பேனாவை அழுத்தி அடித்தேன். செப்டம்பர் 18-ல் ‘இன்று விட்டுக்கொடுக்கவில்லை’ என்று இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் ‘பாப்பா விட்டுக்கொடுத்தாள்’ என்று எழுதினேன். அந்த மூன்று கோலும் அவள் எனக்குக் கொடுத்தது. என் பிள்ளையை நான் அடித்திருக்கிறேன்.

பில் ரோல் துண்டு இரண்டு கொடுத்தனுப்பியிருக்கிறாள். ஒன்று எனக்கு. இன்னொன்றை, அம்மாவுடையது பறந்த பிறகுதான் ஒட்டிக்கொள்வாளாம். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் இருக்கிறாளாம், வாயே திறப்பதில்லையாம்.

நவம்பர் 9, சனி

நாளைக் காலையில் குழாயை எடுத்துப் பார்ப்பார்கள். சொந்த மூச்சு நிற்குமா என்று தெரிய வேண்டும். நிற்காவிட்டால் கழுத்தில் ஓட்டை போட்டுவிடுவதாக டாக்டர் மாமாவிடம் கையெழுத்து வாங்கினார். பயமாக இருக்கிறது. குரலைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை, நானும் எழுதிக் கேட்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

காலை ஏழு மணிக்கு எடுத்தார்கள். மூச்சு இப்போதைக்கு நிற்கிறது. மாலை வரை பார்க்க வேண்டுமாம், அவ்வளவுதான் சொல்கிறார்கள்.

நர்ஸ் போனதும் மாமாவிடம் சைகை காட்டினேன். பாப்பா அனுப்பிய துண்டை என் மூக்கில் ஒட்டினார். காலை நேரம், நன்றாகத் தூங்கி எழுந்திருக்கிறேன், என் நல்ல நேரம் இதுதான். இருந்த காற்றை எல்லாம் சேர்த்து ‘ப’ சொன்னேன். மூன்று தடவை சொன்னேன். காகிதம் அசையவில்லை.

மாமா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். நான் பேனாவை எடுத்து எழுதி, அவர் சட்டையை இழுத்துக் காட்டினேன்.

பாப்பாவிடம் சொல்லுங்கள், அம்மாவுடையது பறந்தது என்று. நெற்றி வரை போய் ஒட்டிக்கொண்டது என்று சொல்லுங்கள்.